டெலாலி சுத்தம் செய்த ஆட்டம்

டெலாலிக்கு நாற்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, தன்னைவிட ஒன்பது வயது இளையவரான எஸினம் டீச்சரிடம் அக்பாட்ஜா ஆடக் கற்றுக்கொள்ள வந்தவர். கானா நாட்டுக் கடலோரத்தில் ஊரே ஆடும் ஆட்டம் அது. காலைவிடத் தோளும் முதுகும்தான் அதில் பேச வேண்டும், பொடிப்பொடியாகத் துடித்தபடி.

டெலாலியின் முதுகு பேசவே இல்லை. "பெஞ்சுப் பலகையை நிமிர்த்தி வச்ச மாதிரி ஆடறாரு" என்று மீன் விற்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஆட்டத்தின் மேல் அவருக்கு இருந்த பித்து நிஜம்.

அந்தப் பித்தில்தான் ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், உங்க ஆட்டத்தை வெளிச்சத்துல ஆட வைக்கட்டுமா?"

"எப்படி?"

"உடம்போட ஒட்டுன கறுப்பு உடுப்புல வெள்ளைக் குமிழ் ஒட்டுவேன். சுத்தி கேமரா. நீங்க ஆடும்போது ஒவ்வொரு குமிழும் போற வழியைக் கம்ப்யூட்டர் குறிச்சுக்கும். அப்புறம் திரையில வெளிச்சமா ஒரு பொண்ணு அதே ஆட்டத்தை ஆடுவா."

டீச்சர் ஒரு விரலை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை ஆடித் தர்றேன். முடிச்சதும் சென்யோ அண்ணாவுக்குக் காட்டுங்க. அதைப் பார்த்து அவர் கை தானா மேளத்துக்குப் போகணும். போகலைன்னா என் கண் முன்னாடியே அழிச்சிடணும்."

சென்யோ பதினேழு வருடமாக டீச்சருக்கு மேளம் வாசிப்பவர். டெலாலி சரி என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, வாய்தானே.

இரண்டு வருடம் அந்த வேலையிலேயே கிடந்தார். சோறு ஆறிப்போகும், பெண்டாட்டி திட்டுவாள், காதில் விழாது. கடைசியில் திரையில் ஒளிப்பெண் எழுந்து நின்றபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

நடனக் கூடத்தில் அன்று காலை மூன்றே பேர்தான். சென்யோ மேளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒளிப்பெண் ஆடினாள். ஓர் அடி பிசகவில்லை.

சென்யோவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "டெலாலிகிட்ட கத்துக்கிட்டவளா?"

"அண்ணா, அது நம்ம டீச்சர்!"

சென்யோ மேளத்தைத் தள்ளி வைத்தார். இரண்டு வருட உழைப்பு, சொன்ன வாக்கு, இரண்டும் டெலாலிக்கு எதிரே நின்றன.

"மயிரிழை தப்பல டீச்சர். எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இது எப்படி வந்துது? முதல்லேருந்து சொல்லுங்க."

"முதல்ல வந்தது ஒரே உதறல். குமிழெல்லாம் நடுங்கிக்கிட்டே இருந்துது. எங்க தொழில்ல அதைத்தான் முதல்ல எடுப்போம். எடுத்துட்டு வழவழன்னு ஆக்கிட்டேன்."

டீச்சர் மேளத்தைச் சென்யோ பக்கம் நகர்த்தினார்.

"அண்ணா, அடிங்க."

சென்யோ ஓர் அடி அடித்தார். கூடமே அதிர்ந்தது.

"டெலாலி, அந்தத் தோல் பாருங்க, எப்படி நடுங்குது. அதை எடுத்திருங்க."

"எப்படி டீச்சர்?"

"உள்ளங்கையை வச்சு அமுக்குங்க. ரெண்டு கையும்."

அமுக்கினார். சென்யோ அதே வேகத்தில் அடித்தார். ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்து அங்கேயே செத்தது.

டெலாலி கைகளை எடுக்கவில்லை. பிறகு விருட்டென்று எழுந்து தன் பையிடம் ஓடினார்.

நடுங்கிய பழைய பதிவைப் போன மாதம்தான் கம்ப்யூட்டரிலிருந்து அழித்திருந்தார், குப்பை இடத்தை அடைக்கிறதென்று. பையைக் கவிழ்த்தார். வயர்கள் விழுந்தன, பேனா விழுந்தது, காய்ந்துபோன வாழைப்பழம் ஒன்று விழுந்தது. கறுப்பு உடுப்பை உதறியபோது அதன் மடிப்பிலிருந்து ஒரு சின்ன டிஸ்க் உருண்டது, முதல் நாள் எடுத்துவைத்த நகல். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்து அதைச் சொருகினார்.

திரையில் பழைய பதிவு ஓடியது. பார்க்கச் சகிக்கவில்லை. குமிழ் ஒன்று கழன்றிருந்ததால் ஒளிப்பெண்ணின் இடது கை உடம்பை விட்டுப் பறந்து, கூரைப் பக்கம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் தோள்கள் துடித்தன. முதுகு பேசியது.

மேளம் முழங்கியது.

டெலாலி திரும்பிப் பார்த்தார். சென்யோ திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைகள் மேளத்தில் இருப்பதை அவர் இன்னும் கவனித்திருக்கவில்லை.

"எஸினம், கையை எங்கம்மா விட்ட?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், வாசிப்பை நிறுத்தாமலே. டீச்சரும் சிரித்தார். டெலாலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழிக்க வேண்டியதில்லை. அது போதும் அவருக்கு.

மேளம் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டார்.

"டீச்சர், இந்த நடுக்கத்துல உங்களோடதும் இருக்கு, கேமராவோட கோளாறும் இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. எதை எடுக்கறது, எதை விடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கிவந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டார்.

"அண்ணா, மேளத்தோட இங்க வந்து உக்காருங்க. இவர் எதை எடுக்கும்போது உங்க கை நிக்குதோ, அது என்னோடது" என்றார்.