மூத்தவள் போட்ட வளையல்

தங்கபுஷ்பம் நல்லவள் என்று சொல்ல நான் வரவில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

உலகம்மாளின் ஒரே மகன் நயினாருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலியில் துடித்தாள். "நானெல்லாம் வீட்லதான் பெத்தேன்" என்று மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. பிள்ளை செத்துப் பிறந்தது. மூத்திரப்பையில் ஓட்டை விழுந்து, அன்றிலிருந்து சிறுநீர் நிற்காமல் ஒழுகியது. வைத்தியம் பார்த்தார்களா? ம்ஹூம்! ஆட்டுக்கொட்டகையில் பாய் போட்டார்கள். பிறகு, நாற்றம் தாங்கவில்லை என்று பிறந்த வீட்டுக்கே விரட்டினார்கள். மறுவருஷம் நயினார் முத்துஇசக்கி என்று இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஊருக்கு வந்த நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் இதற்கு ஆபரேஷன் உண்டு என்பதே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. ஓட்டையைத் தைத்தார்கள். மூன்று வாரம் மூத்திரக் குழாயோடு கிடந்தாள். மூன்று மாதம் குடம் தூக்கவில்லை. அப்புறம் டவுனில் தையல் கம்பெனி வேலை. முதல்நாள் பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்து போனாள். பக்கத்திலிருந்தவள் மூக்கைப் பொத்தவில்லை. அதற்கே இவளுக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பு ஆறிப்போயிற்று. வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவே இல்லை. அந்தக் குடும்பம் நாசமாய்ப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

அதற்கும் வேளை வந்தது. முத்துஇசக்கிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு என்று காற்றுவாக்கில் சேதி. குட்டையான பெண், இடுப்பெலும்பு சிறுசு, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் உலகம்மாள் பழைய பாட்டையே பாடுகிறாளாம். தாயில்லாப் பெண், கேட்க நாதியில்லை.

"நீ பேசாம இரு. அவ பண்ணுனது அவ தலையிலேயே விடியட்டும்" என்றாள் தங்கபுஷ்பத்தின் அம்மா.

இருப்பாளா? அழைக்காத வீட்டுக்கு ஏழு வகைக் கட்டுச்சோற்றோடு போய் நின்றாள். முத்துஇசக்கிக்குக் கை நிறைய வளையல் போட்டாள். கூடியிருந்த பெண்களிடம் சொன்னாள்: "வளையல் போட்டா தாய்வீட்டுக்கு அனுப்புறதுதான வழக்கம்? இவளுக்குத் தாய் இல்ல. மூத்தவ நான் சோறு கொண்டாந்திருக்கேன். ஏட்டி, வாரியா?"

முத்துஇசக்கி எழுந்து வந்துவிட்டாள். கட்டுச்சோறு கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்பினால் ஊர் காறித் துப்பும். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளை எடுத்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் உலகம்மாளும் நயினாரும் அழைத்துப்போக வந்தார்கள். தங்கபுஷ்பம் மறிக்கவில்லை, நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். நயினார் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்பதான் ஒனக்குச் சரியாயிட்டே. நீயும் வந்துரு. ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க" என்றான்.

அடப்பாவி! முத்துஇசக்கிதான் கேட்டாள்: "அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தா, அடுத்து யாரைக் கூட்டியாந்திருப்பீங்க?"

"நான் வரல" என்று பிள்ளையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

"எம் பேரனைக் களவாண்டுட்டியேட்டி! இதுக்குத்தான் வளையல் போட்டியா?" என்று உலகம்மாள் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஆமா அத்தை, இதுக்குத்தான்" என்று தங்கபுஷ்பம் வாய்விட்டுச் சிரித்தாள்.

பழிவாங்கத்தான் காப்பாற்றினேன் என்கிறாள் இவள். களவு என்கிறாள் மாமியார். பேசாமல் இருந்திருந்தாலே பழி தீர்ந்திருக்கும் என்கிறாள் அம்மா. சொல்லுங்கள், இதில் யார் பக்கம் நியாயம்?

விடை: தங்கபுஷ்பத்தின் பக்கம்தான். அம்மா சொன்னபடி பேசாமல் இருந்திருந்தால் கிழிவது முத்துஇசக்கியின் உடம்பு, சாவது அவள் பிள்ளை. உலகம்மாளுக்கு என்ன நஷ்டம்? இன்னொரு மருமகள் வந்திருப்பாள். களவும் இல்லை, அந்தப் பெண் தானாக வந்தாள், தானாகவே போக மறுத்தாள். பழிதான், நான் மறைக்கவில்லை. ஆனால் பட வேண்டியவர்களுக்கு மட்டும் பட்டது. நயினார் மூன்றாவதாகப் பெண் தேடி அலைகிறான். சுற்றுப்பட்டு ஊர்களில் ஒருத்தரும் கொடுக்கவில்லை.