மேகம் மூடினால் குடிக்கிற டீ

ஏழாயிரம் அடி உயரத்தில், சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கங்காணி பூச்செண்டு என்பவள். வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு அறுபத்து நான்கு. பார்த்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சீடர் பெயர் இஸ்ரவேல். கீழே டவுனில் மருந்துக்கடை நடத்தியவர், எல்லோருக்கும் கம்பவுண்டரய்யா. மனைவி எஸ்தர் இறந்த ஐந்தாம் மாதம் கடையை மூடிவிட்டு மலையேறி வந்து கூடையை மாட்டிக்கொண்டார். பறிக்க மட்டும் செய்வார். டீயைத் தொட மாட்டார்.

ஒரு காலை, பள்ளத்தை ஒட்டிய கடைசிச் செடி நிரையில் பறிக்கும்போது கேட்டுவிட்டார்.

“தாயி, டீ உடம்புக்கு நல்லதுங்கறது நிஜமா?”

“ஏன் கேக்குறீங்க?”

“கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். நெஞ்சுக்கு நல்லது, ரத்தக் கொதிப்புக்கு நல்லது. உசரத்துல, குளிர்ல மெதுவா வளர்ற கொழுந்து இன்னும் நல்லதுன்னு. எஸ்தருக்கு இந்தத் தோட்டத்துத் தூள்தான். அவ நெஞ்சு வலிக்குதுன்னப்பகூட ஒரு டீ போட்டுத்தான் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போலாம்னேன்.”

பூச்செண்டு பறிப்பதை நிறுத்தவில்லை.

“டீ குடிக்கிறப்ப அந்தம்மா என்ன பேசுவாங்க?”

“ஒண்ணும் பேச மாட்டா. நான் பாதியில எழுந்தா கையைப் பிடிச்சு உக்கார வெப்பா. ‘குடிச்சிட்டுப் போங்க, கடை எங்கயும் ஓடிடாது’ம்பா.”

அதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து நிரையை மூடிவிட்டது.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் மூடினால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று, கொண்டுவந்த டீயைக் குடிப்பார்கள். விலகும்வரை வாய் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது. இஸ்ரவேல் டீ கொண்டுவருவதில்லை. படித்த மனுஷர், இதையெல்லாம் நம்புவாரா?

பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.

“என்னங்க.”

எஸ்தரின் குரல். மாடிப்படியில் நின்று கூப்பிடுகிற அதே இழுப்பு. பள்ளத்துப் பக்கமிருந்து வந்தது.

அவர் செடியை விட்டுவிட்டு நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்தது. இன்னொரு கை சூடான டீ ஊற்றிய பாட்டில் மூடியை அவர் விரல்களுக்குள் திணித்தது. பூச்செண்டு. அவள் பேசவில்லை. மூடியை அவர் உதட்டருகே தூக்கிவிட்டாள்.

குடித்தார். எஸ்தர் இறந்த பிறகு முதல் வாய். அந்த மணம் மூக்கில் ஏறியதும் அழுகை வந்தது.

“என்னங்க, அதைக் கீழ வெச்சிட்டு வாங்க.”

குரல் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் மூச்சில் சூடே இல்லை.

வந்துட்டேன் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. வாய் நிறைய டீ.

“வெச்சிட்டு வாங்க. நேரமாச்சு.”

மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொட்டு மிச்சமில்லாமல் மெல்லக் குடித்தார். குரல் இன்னும் ஒருமுறை கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

மேகம் விலகியது. அவர் செருப்பு நுனிக்கு முன்னால் தரை இல்லை. வெகு கீழே ஓடை தெரிந்தது.

நிரைக்குத் திரும்பி வந்து, மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தாயி, உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. எனக்கு எங்கம்மா குரல்ல.”

“எனக்கு எஸ்தர் குரல். அது அவதானா?”

பூச்செண்டு மூடியை வாங்கி, உதறி, பாட்டிலில் திருகினாள்.

“அந்தம்மா உங்களைக் குடிச்சு முடிக்க விடாம கூப்பிடுவாங்களா, கம்பவுண்டரய்யா?”