சுவிட்சுப் பலகையின் உயரம்

பூல்பாண்டியன் மூன்றாம் முறையும் தோற்றார்.

கேள்வி மருத்துவமனை பற்றியது. அவர் எழுதியது நூலகம்.

மென்பொருள் பொறியியல் தாளுக்குக் கையேட்டில் மாதிரியாக இருப்பது நூலகத்துக்கான மென்பொருள்தான். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தாமதமானால் அபராதம். அதை வரி தவறாமல் உருப்போட்டிருந்தார். தேர்வில் மருத்துவமனை என்று கண்டதும் புத்தகம் இருந்த இடத்திலெல்லாம் நோயாளியைப் போட்டார். நோயாளியை உரிய நாளில் திருப்பித் தராவிட்டால் அபராதம் என்று முடித்தார்.

திருத்தியவர் சிரித்திருப்பார். மதிப்பெண் போடவில்லை.

ஆள் ஓய்வுபெற்ற பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர். வேலை முடிந்த கையோடு மாலைநேரக் கல்லூரியில் எம்.சி.ஏ. சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "சும்மா இருக்க முடியல" என்றார். மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. இது ஒன்று பாக்கி. பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடு வருகிற தேர்வோடு முடிகிறது. அதிலும் போனால் பட்டமே கிடையாது. படித்த அத்தனையும் வீண்.

பட்டத்தை மாட்ட முன்னறைச் சுவரில் முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தார். அவர் மனைவி அதில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டிருந்தாள்.

"பட்டம் வரட்டும். பையை எடுத்துக்கிடுதேன்."

பாடம் எடுப்பவர் ஷமீமா. பூல்பாண்டியனின் மகளைவிட இளையவர். ஒரு வார்த்தை போதும் என்றால் இரண்டாவது வார்த்தை பேசமாட்டார். அது மட்டும் பூல்பாண்டியனுக்குப் பிடித்திருந்தது.

"மேடம், முக்கியமான கேள்வி எது எதுன்னு குறிச்சுக் கொடுங்க. மனப்பாடம் பண்ணிருதேன்."

"ஒண்ணுதான் சார் இருக்கு."

"ஒண்ணுதானா? நல்லதாப் போச்சு. சொல்லுங்க."

"உங்க வீட்ல தண்ணி மோட்டார் இருக்கா?"

"இருக்கு. மாடித் தொட்டிக்கு ஏத்துறது."

"அதுக்கு ஒரு மென்பொருள் செய்யணும். என்னென்ன தேவைன்னு எழுதிட்டு வாங்க."

"இது கையேட்டுல இல்லியே."

"இல்ல."

பூல்பாண்டியன் விடுகிற ஆள் இல்லை. உட்கார்ந்து எழுதினார். தொட்டி நிறைந்தால் கைபேசியில் மணி அடிக்கும். வெளியூரில் இருந்தே மோட்டாரை ஓட்டலாம். மாதா மாதம் தண்ணீர்க் கணக்கு வரும். ஸ்கேல் வைத்துப் படம் போட்டார். தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. கொண்டுபோய் நீட்டினார்.

ஷமீமா வாங்கினார். பிரிக்கவில்லை.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"யாரைக் கேக்கணும்? என் வீடு. என் மோட்டார்."

"சுவிட்சைப் போடுறது யாரு?"

"வீட்டுக்காரி."

"பேரு?"

"பேரு எதுக்கு? உலகம்மாள்."

"அவங்க இதுல எங்க வர்றாங்க?"

"பயனாளர்னு போட்டிருக்கேன்."

"உலகம்மாள்?"

"அது இல்ல."

ஷமீமா தாள்களை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"பிரிச்சுக்கூடப் பாக்கலியே மேடம்!"

"யாருக்குன்னு தெரியாம எதைப் பாக்க?"

வகுப்புக்கு மணி அடித்தது. போய்விட்டார்.

பூல்பாண்டியன் கோபத்தோடு வீடு வந்தார். உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"ஏ உலகு, மோட்டாருக்கு என்ன வேணும் உனக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, டிக்கெட் கேக்குத மாதிரி கேக்கீங்க? நான் ஒழுங்கா எடுத்துட்டுத்தான் ஏறுனேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் ஷமீமாவிடம் வெற்றியோடு சொன்னார்.

"கேட்டாச்சு மேடம். ஒண்ணும் வேண்டாமாம்."

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"கூடத்துல."

"சுவிட்சு எங்க இருக்கு?"

"பின்கட்டுல."

"அங்க போய் நில்லுங்க."

"நின்னு?"

"நில்லுங்க, போதும்."

"பரிட்சை வருது மேடம். என்னைப் போயி பின்கட்டுல நிக்கச் சொல்லுதீங்களே."

ஷமீமா திரும்பிக்கொண்டார். கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

காலையில் பூல்பாண்டியன் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் ஏறி நின்றவர். நிற்பது கஷ்டமில்லை. பேசாமல் நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

உலகம்மாள் வந்தாள். கையில் துணி உலர்த்தும் கம்பு. சுவரைப் பார்த்து அண்ணாந்தாள். கம்பை உயர்த்திச் சுவிட்சைக் குத்தினாள். நழுவியது. மறுபடி குத்தினாள். சுவிட்சுப் பலகை மேல் கீறலாக இருந்தது. புதிய கீறலும் பழைய கீறலும். மூன்றாவது குத்தில் மோட்டார் உறுமியது.

கம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

அந்தக் கம்பு அவருக்குத் தெரியும். தினமும் அங்கே கிடக்கும். தினமும் அவர்தான் அதை எடுத்துக் கொடிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதா என்று சத்தம் போட்டபடி வைப்பார்.

"கையால போட வேண்டியதுதானே?"

"தோள்பட்டை கையை மேல தூக்க விடலியே."

"எப்பலருந்து?"

"அது கெடக்கு ரொம்ப நாளா."

"சொன்னா என்ன?"

"தெனமும் கம்பை அங்கனதானே வச்சிட்டுப் போறேன். இன்னும் என்னத்தச் சொல்ல?"

பூல்பாண்டியன் பலகையைப் பார்த்தார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்தான் அதை அங்கே வைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது, தனக்கு எட்ட வேண்டும். வேறு யாருக்கு எட்ட வேண்டும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பலகை அங்கேயே இருந்தது.

வெளியே போனார். எலக்ட்ரீஷியனோடு திரும்பி வந்தார்.

"எவ்வளவு இறக்கணும் சார்?"

பூல்பாண்டியன் வாயைத் திறந்தார். மூடினார்.

"அம்மாவைக் கேளு."

உலகம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சும்மா நின்று, தோளை உயர்த்தாமல் கையை நீட்டினாள். விரல் பட்ட இடத்தில் எலக்ட்ரீஷியன் பென்சிலால் கோடு போட்டான்.

வேலை முடிந்தது. அவள் ஒரு விரலால் சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் ஓடியது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

"என்ன விளையாட்டு? தொட்டி நிறைஞ்சுதானே இருக்கு?"

"இருக்கட்டும். ஒரு தடவை போட்டுப் பாத்துக்கிடுதேன்."

அவர் கத்தவில்லை. தண்ணீர் வழிந்து முற்றமெல்லாம் ஓடியது.

ஷமீமாவிடம் போய் நின்றார்.

"எழுதுனதைக் கிழிச்சுப் போட்டுட்டேன் மேடம்."

"இப்ப என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதல. மென்பொருளே வேண்டாம். பலகையைத்தான் இறக்கணும். இறக்கியாச்சு."

ஷமீமா சிரித்தார். அவர் சிரித்து பூல்பாண்டியன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போய்ப் பரிட்சை எழுதுங்க சார்."

தேர்வு அன்று கேள்வித்தாளைப் பிரித்தார். பெரிய கேள்வி: நகரப் பேருந்தில் பயணச்சீட்டு வழங்கும் முறைக்குத் தேவைகளைத் தொகுத்து எழுதுக.

இவருக்கென்றே கேட்டதுபோல இருந்தது. பேருந்தைப் பற்றி இவருக்குத் தெரியாததா? பேனா தானாக ஓடியது. "பரிசோதகருக்கு வேண்டியவை" என்று முதல் வரி எழுதிவிட்டார்.

பேனா நின்றது.

"என் வீடு. என் மோட்டார்" என்று ஷமீமாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த வரியை அடித்தார். கண்ணை மூடினார். மனதுக்குள் பேருந்தின் பின்படியில் ஏறி, பேசாமல் நின்றார். இடுப்பில் குழந்தை, ஒரு கையில் கம்பி, அந்தக் கையிலேயே கூடை. பணம் எடுக்கக் கை இல்லாமல் ஒரு பெண் தடுமாறிக்கொண்டிருந்தாள். அவளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். டிக்கெட் எங்கே என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

அவளில் இருந்து எழுதத் தொடங்கினார். பிறகு எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவர். பிறகு கூட்டத்தில் நசுங்கும் கண்டக்டர். பரிசோதகர் கடைசியில் வந்தார். அவருக்கு இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

தேறிவிட்டார். மதிப்பெண்ணும் மோசமில்லை.

மைசூர்பாகு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு நேராகக் கல்லூரிக்குப் போனார். ஆசிரியர் அறையில் ஷமீமா மட்டும் இருந்தார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். டப்பாவை மேசையில் வைத்தார்.

"மேடம், கடைசி வாய்ப்பு. போயிருந்தா எல்லாம் போயிருக்கும். நீங்க இல்லேன்னா…"

டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

ஷமீமா அதை எடுத்தார். திறக்கவில்லை. அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"பிரிச்சுக்கூடப் பாக்கலியே மேடம்."

"யாருக்குன்னு பாத்துக் கொண்டு வாங்க சார்."

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"உலகம்மாளுக்கு."