வெள்ளியங்கிரியின் முளைக்குச்சி

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் கோகிலவாணி துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்துவந்தாள். வயது முப்பதைத் தாண்டாது. போட்டிகளில் வாங்கிய பதக்கங்களையும் எலி ஓட்டை போட்ட குரும்பைகளையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருப்பாள்.

அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்த வெள்ளியங்கிரிக்கு ஐம்பது வயது. பெரிய தோப்பு, பெரிய மீசை, லைசென்ஸுக்கு நடையாய் நடந்து வாங்கிய பெரிய ஏர் கன். மூன்றிலும் அவருக்குப் பெருமை. பெருமைப்பட்டால் என்ன தப்பு? மீசை நிஜமாகவே நல்ல மீசை.

மாரியம்மன் கோயில் தோப்பில் அப்போது எலிகள் மரமேறிக் காயெல்லாம் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தன. அம்மனுக்கு இளநீர் அபிஷேகம் செய்ய முழுக்காய் கிடைப்பதே பெரும்பாடு. பிள்ளையார் கோயிலாக இருந்தால் எலி விஷயத்தில் யோசித்திருப்பார்கள். சுடுவதற்கு ஓர் ஆளைச் சொல்லும்படி கமிட்டி கோகிலவாணியைக் கேட்டிருந்தது. அவள் யார் பெயரைச் சொல்கிறாளோ, அவருக்குத் திருவிழாவில் பரிவட்டம். அந்தப் பரிவட்டம் தனக்குத்தான் என்று வெள்ளியங்கிரி டீக்கடையில் சொல்லியே விட்டார். சொன்ன பிறகுதான் வந்து சேர்ந்தார்.

முதல் நாளே கேட்டார்.

"மாஸ்டருங்க, வேட்டைக்கு ஒன் செவன் செவன் ரவை நல்லதுங்களா, டூ டூ ரவை நல்லதுங்களா?"

"ரெண்டுக்கும் என்னங்ண்ணா வித்தியாசம்?"

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் ஆரம்பித்தார். "ஒன் செவன் செவன் ரவை சின்னதுங்க. வேகமா, நேராப் போகும். டூ டூ பெருசு, கனம். போகப் போகக் கொஞ்சம் எறங்கும். ஆனா அடி பலமா உழுகும். என்னுது டூ டூ, பவரும் சாஸ்தி. போன வாரம் ஒரு எலிய அடிச்சனுங்க, மசுரு பறந்துச்சு!"

"எலி எங்கீங்ண்ணா?"

"ஓடிப்போச்சுங்க."

அவரே தொடர்ந்தார்.

"பவர் பத்தலீன்னு நெனைக்கறனுங்க. இன்னும் பெருசா டூ ஃபைவ் ஒண்ணு வாங்கிப்போடட்டுங்களா?"

"எலி எங்க ஓடுச்சு?"

"எங்க மோட்டார் ரூம் பக்கமுங்க."

"தேடி எடுத்துட்டு வாங்க. அப்பறம் துப்பாக்கியப் பத்திப் பேசலாம்."

அத்தனை பெரிய தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் தரையில் குப்புறப் படுத்துத் தேடினார். கடைசியில் நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. உடைந்த ஓடுகளுக்கு அடியில் கிடந்தது எலி. பின்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்த கோடு, புழுதியில் சுவர் வரை போய்த் திரும்பி, மறுபடியும் சுவர் வரை போயிருந்தது. ஓடவில்லை அது. அந்தக் கோட்டை மிதிக்காமல் வெள்ளியங்கிரி எட்டி அதை எடுத்தார்.

ஒரு பாளையில் வைத்துக் கொண்டுவந்தார். கோகிலவாணி அதை வாங்கித் தென்னையடியில் புதைத்தாள். பிறகு அவர் கையில் ஒரு முளைக்குச்சியைக் கொடுத்தாள். அவர் பெயரை அதில் எழுதியிருந்தாள்.

அங்கே பழக்கம் இதுதான். நூலில் ஒரு ரூபாய்க் காசு ஒன்று தொங்கும். எங்கே நின்று சுட்டால் ஒரு ரவைகூடக் காசைத் தப்பாதோ, அங்கே அவரவர் குச்சியை நட வேண்டும். தென்னைகள் சீரான இடைவெளியில் நிற்பதால் காசிலிருந்து தூரத்துக்கு மரம்தான் அளவு. கல்லூரிப் பெண்கள் சிலரின் குச்சிகள் நாலாவது மரத்தருகே நின்றன.

வெள்ளியங்கிரியின் குச்சி முதல் மரத்தைக்கூட எட்டவில்லை. அவருடைய பெரிய துப்பாக்கியின் ஸ்பிரிங் சுடும்போதெல்லாம் உதறியது. ரவை காசைத் தவிர எல்லாவற்றையும் தொட்டது.

"இத்தன பவர் இருந்துமா, மாஸ்டருங்க?"

"குச்சியப் புடுங்கிக் காசுக்கு இன்னும் கிட்ட நட்டு வைங்கண்ணா."

கோகிலவாணியின் பழைய ஒன் செவன் செவனை வாங்கிப் பழகினார். மூச்சை அடக்கப் பழகினார். குச்சி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு தன் டூ டூவைக் கையில் எடுத்து, அதன் உதறலுக்குத் தோளையும் ரவையின் இறக்கத்துக்குக் கண்ணையும் பழக்கினார். தை முடிவதற்குள் குச்சி இரண்டாவது மரத்தில் நின்றது. எந்தத் துப்பாக்கியானாலும் இரண்டு மரம்.

டீக்கடையில் போய், "ரெண்டு மரம்!" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

"ஏறி எளநி போட்டீங்களா?" என்று கேட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

கோகிலவாணி சொன்னாள். "சாயங்காலம் கோயில் தோப்புக்குப் போங்கண்ணா. நான் வரல. காத்தால உங்களைப் பாத்துட்டுக் கமிட்டிக்குப் பேர் சொல்றேன்."

பொழுது சாயும் நேரத்தில் தோப்பில் பாதி ஊர் கூடியிருந்தது. கமிட்டித் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளியங்கிரியின் மச்சினன் சின்னராசு முன்னால் நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் எலி வந்தது. குலைமேல் உட்கார்ந்து இளங்காயைக் கொறித்தது. வெள்ளியங்கிரி துப்பாக்கியைத் தூக்கினார். குறிக்குள் அதன் தாடை அசைவதுகூடத் தெரிந்தது.

விசையில் விரலை வைத்தவர், கண்ணைத் திருப்பி மரங்களைப் பார்த்தார். எலி இருந்தது அவர் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது மரத்தில்.

துப்பாக்கி இறங்கியது.

"சுடுங்க மாமா!" என்றான் சின்னராசு அடிக்குரலில். "உங்க துப்பாக்கி இருக்கற பவருக்கு அஞ்சாவது மரத்து எலியே சாகும்."

"ஒரு மரம் கிட்டப் போகோணும்," என்றார் வெள்ளியங்கிரி.

போனார். காலடியில் காய்ந்த மட்டை ஒன்று முறிந்தது. எலி மறைந்தது. இருட்டும்வரை வேறொன்றும் வரவில்லை.

"மாமா மீசையப் பாத்துப் பயந்துபோச்சாட்ட இருக்குது!" என்றான் சின்னராசு. தோப்பே சிரித்தது. தலைவர் நாற்காலியை மடித்துக்கொண்டு போனார். பரிவட்டமும் அந்த நாற்காலியோடு போவது போலத்தான் இருந்தது வெள்ளியங்கிரிக்கு. டீக்கடை வழியாக வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. ஆனாலும் டீக்கடை வழியாகவே போனார். ஆச்சரியம், மீசை இறங்கவில்லை.

காலையில் கோகிலவாணியின் மேஜைமேல் துப்பாக்கியை வைத்துவிட்டு நின்றார்.

"எலி எங்கீங்ண்ணா?"

"மூணாவது மரத்துல இருக்குதுங்க, மாஸ்டர். நல்லா இருக்குது."

அவள் முகம் மலர்ந்ததை வெள்ளியங்கிரி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். போனை எடுத்தாள்.

"தலைவருங்களா? பேர் எழுதிக்குங்க. வெள்ளியங்கிரி... ஆமாங்க, நேத்து சுடாம வந்தாரே, அவருதானுங்க."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. எதையாவது பேசியாக வேண்டுமே என்று கேட்டார்.

"அப்ப எத எடுத்துட்டுப் போகட்டுங்க? ஒன் செவன் செவனா, டூ டூவா?"

துப்பாக்கி அலமாரியின் சாவியை அவள் எந்தச் சிஷ்யர் கையிலும் கொடுத்ததில்லை. அதை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இனி நீங்க எத வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணா."