ஒத்துக்கொள்ளாத அந்த ஒருவர்

கோடையில் ஒரே ஒரு மடுவை நம்பிப் பிழைத்த காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. மழைக்காலத்தில் அங்கே ஆறு புரண்டு ஓடும். பங்குனி பிறந்துவிட்டால் மணல்தான் மிஞ்சும். மணலுக்கு நடுவே, பாறைகளை ஒட்டிய அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். காட்டெருமை முதல் முயல் வரை அத்தனை பேருக்கும் அதுதான் உயிர்.

யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்று முறை வைப்பவர் காட்டின் தலைவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். போட்டியிடும் இருவரும் ஆற்றின் இரு கரையில் ஏறி நிற்பார்கள். மற்றவர்கள் மணலில் கூடி, தமக்கு வேண்டியவரின் கரையில் ஏறுவார்கள். எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ அந்தக் கரைக்காரர் தலைவர். மந்திகள் ஒரு பூங்கொடியைப் பறித்து வந்து அவர் கொம்பில் சுற்றிவிடும்.

இதில் ஒரு பொல்லாத வழக்கமும் இருந்தது. தோற்ற கரையில் ஏறியவர்களுக்கு அடுத்த மூன்று கோடைக்கும் கடைசி முறை. அவர்கள் போகும்போது சேறுதான் கிடக்கும். ஆகவே யார் நல்லவர் என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. யார் ஜெயிப்பார் என்றுதான் மூளையைக் கசக்கிக்கொள்வார்கள்.

மூக்காயி என்ற முள்ளம்பன்றிக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். போன தேர்தலில் அவள் தோற்ற கரையில் ஏறிவிட்டாள். அந்தக் கோடையில் அவளுடைய ஒரே குட்டி சேற்றுத் தண்ணீரைக் குடித்து நோய்ப்பட்டுச் செத்துப்போனது. இப்போது வளையில் புதிதாக இரண்டு குட்டிகள். இவற்றையும் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

இந்த முறை போட்டி கொம்பையாவுக்கும் அங்காயிக்கும். கொம்பையா காட்டெருமை. இரண்டு முறை தலைவராக இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, சோம்பல். தன் கூட்டத்தோடு மடுவில் இறங்கினால் வெயில் தாழ்கிற வரை ஏறமாட்டார். அங்காயி பெண் மிளா. மிளா தெரியுமல்லவா, உடம்பில் புள்ளி இல்லாத பெரிய மான்? காட்டில் தீப்பிடித்த வருடம் மலைமேல் நின்று கத்தி, எல்லாரையும் எழுப்பி, ஓடை வழியாக வெளியே கூட்டிப்போனவள் அவள். கொம்பையா கால் புண்ணோடு படுத்துவிட்ட ஒரு மாதம் மடுவைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அந்த ஒரு மாதம் தண்ணீரில் அடிமணல் தெரிந்தது.

ஆனால் ஆண் மிளாவுக்குத்தான் கொம்பு உண்டு. அங்காயியின் தலை மொட்டைத் தலை. தவிர, அந்தக் காட்டில் அதுவரை ஒரு பெண் தலைவராக இருந்ததே இல்லை.

நாவல் மரத்தடியில் தினமும் காலையில் விவாதம் நடந்தது. நடத்தியது நரி. காட்டு நிலவரம் எல்லாம் தன் வால் நுனியில் இருப்பதாக நினைப்பு அதற்கு.

"அங்காயி நல்லவதான். அதுல பேச்சே இல்ல," என்று நரி ஆரம்பிக்கும். "ஆனா ஜெயிப்பாளா? அதைச் சொல்லுங்க."

ஆளுக்கொன்று சொன்னார்கள். கொம்பில்லாத தலையில் பூங்கொடியை எங்கே மாட்டுவது என்று ஒரு மயில் கேட்டது. அடுத்த காட்டுக் காளைகள் மதிக்காது என்றது ஒரு காட்டுப்பன்றி. அவள் குரல் கீச்சென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டது ஒரு முயல். தீப்பிடித்த அன்று அந்தக் கீச்சுக் குரல் கேட்டுத்தான் அந்த முயல் கண் விழித்தது. அதற்கு இப்போது அது நினைவில் இல்லை.

மூக்காயியும் அங்கே இருந்தாள். கடைசியில் அவளும் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அங்காயியைத்தான் பிடிக்கும். ஆனா மத்தவங்க ஒத்துக்கமாட்டாங்க. வீணா எதுக்கு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நரி திருப்தியாக வாலைச் சுருட்டிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் அங்காயி மூக்காயியின் வளைக்கே வந்துவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"மத்தவங்க ஒத்துக்கமாட்டாங்கன்னு சொன்னியாமே. யாருன்னு பேர் சொல்லு. நேர்ல போய்ப் பேசிடறேன்."

அப்படி ஒரு பேரை மூக்காயி யோசித்ததே இல்லை. மந்திகளாக இருக்கும் என்று இழுத்தாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"நீங்க போக வேண்டாம் அக்கா. நானே விசாரிச்சுட்டு வர்றேன்," என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மந்திகளிடம் போனாள். மந்திகளின் மூப்பர் கிளையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார். தங்களுக்கு அங்காயி என்றால் உயிர் என்றார். தீயில் தப்பிய மந்திக் குட்டிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "அப்ப என்ன தடை?" என்று மூக்காயி கேட்டாள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. காட்டுப்பன்றிங்க ஒத்துக்காதே."

காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தன. அவையும் அங்காயியைப் புகழ்ந்தன. கொம்பையா இறங்கிய பிறகு மடுவில் வாய் வைக்கவே முடியவில்லை என்று அலுத்துக்கொண்டன. பன்றிக்கே அருவருப்பான சேறு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மயில்கள் ஒத்துக்கொள்ளாது என்று அடித்துச் சொன்னன. மயில்களைத் தேடிப்போனால், தோகையைக் கோதிக்கொண்டே அவை சொன்ன பதில் வேறு: தங்களுக்குச் சம்மதம்தான், முயல்களைத்தான் நம்ப முடியாது.

மூக்காயிக்குக் கால் வலித்தது. ஆனாலும் உற்சாகமாக இருந்தது. இதோ, முயல்களோடு முடிந்துவிடும், ஆளைப் பிடித்துவிடலாம் என்று புல்வெளிக்கு நடந்தாள்.

அங்கே ஒரு தாய்முயல் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மூக்காயி கேட்டதும் அது காதைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"எங்க கூட்டம் மொத்தமும் அங்காயி பக்கம்தான் அக்கா. பயந்துக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்."

"யாருக்குப் பயம்? யார் ஒத்துக்கலை?"

தாய்முயல் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தது.

"நீங்கதான் அக்கா. நாவல் மரத்தடியில நீங்களே சொன்னீங்களாமே, நடக்காதுன்னு. முள்ளம்பன்றியே சொல்லிட்டாங்களேன்னு நாங்களும் அடங்கிட்டோம்."

காடு முழுக்கத் தேடிய ஆள் தானேதான் என்று தெரிந்தபோது, மூக்காயிக்கு உடம்பெல்லாம் முள் இருந்தும் உள்ளே தைத்தது. அங்கே நிற்க மாட்டாமல் வளைக்குத் திரும்பினாள். குட்டிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. தான் ஒருத்தி மட்டும் ஏறி, மற்றவர்கள் ஏறாமல் போனால் இவற்றுக்குச் சேறுதான். ஏறாவிட்டால் மட்டும் என்ன? கொம்பையா கலக்கிய தண்ணீர். அதுவும் சேறுதானே என்று அவளுக்கு உறைத்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

தேர்தல் நாள் வந்தது. வெயில் ஏறியபோது மணலில் காடே கூடியிருந்தது. மேற்குக் கரையில் கொம்பையா ஏறி நின்றார். கிழக்குக் கரையில் அங்காயி. நரி முதல் ஆளாக மேற்கே ஏறியது. காட்டெருமைகளும் சில புள்ளிமான்களும் பின்னால் போயின. மீதிப் பேர் நகரவில்லை. மந்தி பன்றியைப் பார்த்தது. பன்றி மயிலைப் பார்த்தது. மயில் முயலைப் பார்த்தது. முயல் மூக்காயியைப் பார்த்தது.

மூக்காயி நடந்தாள். மணலில் முட்கள் சலசலக்க, கிழக்குக் கரைச் சரிவில் தட்டுத்தடுமாறி ஏறினாள். மேற்கே இருந்து நரி, தனியாக நின்று சேறு குடிக்கப் போகிறாள் பாருங்கள் என்று கேலி செய்தது. அவள் மணலில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"யாரோ ஒத்துக்கமாட்டாங்கன்னு நாலு நாளாக் காடெல்லாம் பேச்சு. அந்த யாரோ நான்தான். முயல்கிட்ட கேட்டேன், அப்படித்தான் சொல்லுச்சு. இதோ நான் ஏறிட்டேன். இனிமே யார் ஒத்துக்கணும்?"

தாய்முயல் ஒரு தாவு தாவியது. அதன் குட்டிகள் தொடர்ந்தன. புல்வெளி முயல்கள் அத்தனையும் கிழக்கே பாய்ந்தன. முயல்களே ஏறிவிட்டன என்று மயில்கள் பறந்து போய்க் கரையில் இறங்கின. மயில்களைப் பார்த்துப் பன்றிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. பன்றிகளுக்காகக் காத்திருந்த மந்திகள் கடைசியில் வந்தாலும், தாமே முதலில் கிளம்பியதுபோல இரைச்சல் போட்டன. கிழக்குக் கரையில் நிற்க இடமில்லை.

எண்ணிப் பார்க்க அவசியமே இருக்கவில்லை. கொம்பையா கரையைவிட்டு இறங்கி வந்து, அங்காயியின் முன் ஒருமுறை தலை தாழ்த்திவிட்டுப் போனார். அந்த மட்டுக்கும் அவர் பெரிய மனிதர்தான்.

பூங்கொடியோடு வந்த மந்திகளின் மூப்பர் அங்காயியின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கொடியைக் கழுத்தில் போட்டார். அங்கே அது கச்சிதமாக உட்கார்ந்தது. கொம்பில் சுற்றிய காலத்தில் கொடி சரிந்து கண்ணை மறைத்து, தலைவர் முதல் நாளே மரத்தில் முட்டிக்கொள்வது வழக்கம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது.

மடுவுக்குப் போகும் வரிசையில் நரி ஆகக் கடைசியில் ஒடுங்கி நின்றது. தோற்ற கரைக்காரர் ஆயிற்றே. அங்காயி அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வழக்கம் இன்னையோட முடிஞ்சது. குட்டிங்க முதல்ல குடிக்கட்டும். அப்புறம் சின்ன உடம்புக்காரங்க, அப்புறம் பெரிய உடம்புக்காரங்க. எந்தக் கரையில ஏறினீங்கன்னு இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம்."

மூக்காயியின் குட்டிகள் இரண்டும் மடுவின் ஓரத்தில் குனிந்தன. தண்ணீரில் இரண்டு சின்ன முகங்கள் தெரிந்தன. சேறு இல்லாத தண்ணீரை அவை அதுவரை பார்த்ததில்லை. யாருடைய முகம் என்று பயந்து பின்வாங்கி, பிறகு ஆசையாகக் குடித்தன. மூக்காயி பக்கத்திலேயே நின்று, அவை குடித்து முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் நரி, அங்காயி ஜெயிப்பாள் என்று தான் அப்போதே சொன்னதாக விவாதத்தை ஆரம்பித்தது. கேட்க ஆள் இல்லை. எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

நீதி: எனக்குச் சம்மதம், ஊர்தான் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் முன், அந்த ஊரில் நீயும் ஓர் ஆள் என்பதை நினைத்துப் பார்.