கடைசி அறையின் விளக்கு

நகைக்கடைகளுக்கு விளக்கு அமைத்துப் பேர் வாங்கியவர் சவரிமுத்து. ஐம்பது வயதில் அந்தப் பளபளப்பு அலுத்துப்போய், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான குமுதவல்லியிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று பிறர் ஒதுக்கும் விளக்கு வேலைகளையே எடுத்துச் செய்பவர் குமுதவல்லி.

திண்டுக்கல் புறவழிச்சாலையோரம் ஒரு விலங்குகள் காப்பகத்தைப் புதுப்பித்தார்கள். விளக்கு வேலை சவரிமுத்துவிடம் வந்தது. நாய்க் கூண்டுகள், பூனை அறை, தத்தெடுக்க வருபவர்களின் கூடம், எல்லாவற்றுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடைசி அறையில் மட்டும் மேஜைக்கு நேர்மேலே ஒரு ட்யூப் லைட்டை மாட்டிவிட்டார். பிழைக்காத பிராணிகளுக்குக் கருணை ஊசி போடும் அறை அது.

குமுதவல்லி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏன் இப்படி என்று விசாரித்தார். டாக்டருக்கு நரம்பு தெரிந்தால் போதுமே என்றார் சவரிமுத்து. பிறகு தயங்கிக் கேட்டார்.

"திரும்பி வராத உயிருக்கு வெளிச்சம் எப்படி இருந்தா என்ன மேடம்?"



அன்று மதியமே லாரியில் அடிபட்ட ஒரு செவலை நாயைக் கொண்டுவந்தார்கள். முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. காப்பகத்து டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.

"நீங்க பிடிங்க," என்றார் குமுதவல்லி.

சவரிமுத்து குனிந்தார். விளக்கு அவர் தலைக்குப் பின்னால் போயிற்று. நாய்க்குத் தெரிந்தது கண் கூசும் வெளிச்சமும், அதன் நடுவில் முகமில்லாத ஒரு கறுப்பு உருவமும்தான். அது பல்லைக் காட்டி உறுமியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

குமுதவல்லி ட்யூப் லைட்டை அணைத்தார். டாக்டரம்மாவின் மேஜை விளக்கைக் கொண்டுவந்து நாயின் முன்னங்காலருகே தாழ்வாக வைத்தார். விரிப்பின் வெள்ளையில் பட்டு, வெளிச்சம் சவரிமுத்துவின் முகத்துக்கு ஏறியது.

உறுமல் நின்றது. நாய் அவரைப் பார்த்தது. மணிக்கட்டை மோந்து, ஒருமுறை நக்கியது. ஊசி ஏறியபோதும் பார்வையை எடுக்கவில்லை. டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, போய்விட்டது என்று சொல்லும்வரை சவரிமுத்துவுக்கு அது தெரியவில்லை.

வெளியே குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். குமுதவல்லி பக்கத்தில் வந்து நின்றார்.

"அது என்னைப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது மேடம்."

"அதுகிட்ட அவ்வளவுதான் இருந்துச்சு."