முதல் வெட்டு யாருடையது?

முன்னொரு காலத்தில் மஞ்சள்மலை நாட்டை உதயமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மறுப்பான். நடுவில் யார் வந்து காதில் ஓதினார்களோ, அன்றைக்கு அவர்கள்தான் ஆண்டார்கள்.

அந்த நாட்டில் வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போனது. மழை பொய்த்தது, ஏரி வறண்டது, வீடுகளில் அடுப்பு ஒருவேளை எரிவதே பெரும்பாடாகிவிட்டது. அமைச்சர் குழைக்காதர் சபையில் எழுந்தார். "மகாராஜா, மலைக்காட்டை வெட்டி வெட்டித்தான் இந்தக் கதிக்கு வந்தோம். மிச்சத்தையாவது காப்போம். வெட்டிய இடத்தில் கன்று நடுவோம்."

களஞ்சியத் தலைவர் பஞ்சநதத்துக்கு அமைச்சரைக் கண்டாலே வயிறு எரியும். "சோற்றுக்கு இல்லாதவன் கன்று நடுவானா?" என்று சிரித்தார். "மிச்சக் காட்டையும் கரியாக்கி அண்டை நாட்டுக்கு அனுப்பினால் களஞ்சியம் நிறையும். ஜனங்களையே கேட்டுப் பாருங்களேன்!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "கேளும்! ஜனங்கள் காடு வேண்டாம் என்றால், குழைக்காதரே, நீர் மூட்டை முடிச்சோடு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்."

பஞ்சநதமே சந்தைக்குப் போய்க் கேட்டார். அரிசி வேண்டுமென்றால் வடக்கே நில், காடு வேண்டுமென்றால் தெற்கே நில். சந்தை மொத்தமும் வடக்கே சாய்ந்தது. தெற்கே ஒரு கழுதை மட்டும் நின்றது, அதையும் அங்கே கட்டிப் போட்டிருந்தார்கள்.

சேதி வந்ததுமே அமைச்சரின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். குழைக்காதருக்கு ஊரைவிட்டுப் போக மனசில்லை. பிறந்து வளர்ந்த மண்ணாயிற்றே! ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "போகுமுன் ஒரு விருந்து" என்று ராஜாவையும் பஞ்சநதத்தையும் வீட்டுக்கு அழைத்தார்.

இலை போட்டதும் கைகட்டிக் கேட்டார். "மகாராஜா, சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா? ஒன்றைத்தான் கேட்கலாம்."

"இதென்ன கேள்வி? பசிக்கிறது, சோறு போடும்!"

சோளச்சோறும் மிளகாய்த் துவையலும் வந்தன. நாலு வாய் உள்ளே போவதற்குள் ராஜாவின் கண்ணில் நீர் முட்டியது. "தண்ணீர்! தண்ணீர்!"

"மகாராஜா, தண்ணீரே வேண்டாம் என்று சொன்னீர்களே?"

"நான் எப்போதய்யா சொன்னேன்?"

"ஜனங்கள் காடு வேண்டாம் என்று எப்போது சொன்னார்களோ, அப்போதுதான்" என்று பணிவோடு செம்பை நீட்டினார் குழைக்காதர்.

ராஜா குடித்துவிட்டு யோசித்தான். பஞ்சநதம் விடுவாரா? "இது விருந்து வித்தை, மகாராஜா! கூலி வைத்துப் பார்ப்போம். மரம் வெட்ட வருகிறவனுக்கு இரண்டு படி அரிசி, கன்று நட வருகிறவனுக்கு ஒரு படி. அப்போது தெரியும் சங்கதி."

"சம்மதம்" என்றார் அமைச்சர். "வெட்டுவது மட்டும் மலை முறைப்படி நடக்கட்டும்."

"தாராளமாக!" என்றார் பஞ்சநதம். மலையில் ஒருநாளும் கால் வைக்காத மனுஷர், அது என்ன முறை என்று கேட்கவும் இல்லை.

முறை இதுதான். மரத்தில் முதல் வெட்டுப் போடுகிறவன், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எதற்காக வெட்டுகிறான் என்பதையும் ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். ஏருக்கு என்பார்கள், கூரைக்கு என்பார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

மறுநாள் மலையடிவாரத்தில் வெட்டுக்கூலிக்கு ஒன்று, நடவுக்கூலிக்கு ஒன்று என்று அரிசியைக் குவித்து வைத்தார்கள். கூட்டம் கூடியது. எல்லார் கண்ணும் இரண்டு படிக் குவியல் மேலேயே இருந்தது. குழைக்காதரும் அதையே பார்த்தார். முறை கிடக்கட்டும், பசி ஜெயித்துவிட்டால்?

மாசாணம் என்ற வாட்டசாட்டமான ஆள் கோடரியோடு வேங்கை மரத்தடிக்குப் போனான். "நான் மாசாணம். சுடலையாண்டி மகன். இந்த மரத்த வெட்டுறது..."

அதற்குமேல் வரவில்லை. ரெண்டு படி அரிசிக்காக இந்த மலையையே மொட்டையடிக்கிறேன் என்று ஊர் முன்னால் எப்படிச் சொல்வான்? கோடரியைக் கீழே வைத்தான். தலை குனிந்தபடி ஒரு படிக் குவியல் பக்கம் நடந்தான்.

"அட, நீயுமா?" என்றாள் பேச்சாயி. அவளும் இடுப்புப் பிள்ளையோடு அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள். "நான் ஒருத்திதான் இப்படி நெனைக்கிறேன்னுல்ல சந்தையில வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்!"

"நானும் அப்படித்தான்" என்றது ஒரு குரல். நானும் நானும் என்று கூட்டமே நகர்ந்தது. இரண்டு படிக் குவியல் சீண்டுவாரில்லாமல் அப்படியே கிடந்தது.

ராஜா மீசையைத் தடவினான். "பஞ்சநதம், ஆள் வரவில்லையே. நீரே முதல் வெட்டைப் போடும்."

பஞ்சநதம் கோடரியைத் தூக்கினார். "நான் பஞ்சநதம். வைத்தியநாதன் மகன். இந்த மரத்தை..."

"எதுக்குன்னு சொல்லுங்க சாமி" என்றாள் பேச்சாயி. "எம்புள்ள வளந்து கேட்டா நான் பதில் சொல்லணும்ல?"

பஞ்சநதம் ஊரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கோடரி கை நழுவி விழுந்தது. சனம் கொல்லென்று சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டான். "எல்லாம் சரி, இவ்வளவு மனசு இருக்கிறவர்கள் சந்தையில் ஏன் அரிசிப் பக்கம் நின்றார்கள்?"

"பசி, மகாராஜா. காட்டின் மேல் ஆசையிருந்தால் வயிறு சும்மா இருக்குமா? இன்றைக்கு ஒரு படியை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அதை நாம் பிடித்துக்கொள்வது அழகா?"

ராஜாவுக்கு முகம் சுண்டியது. சட்டென்று திரும்பி, "பஞ்சநதம்! படியை எடும். கன்று நடுகிற எல்லாருக்கும் இரண்டு படி. உம் கையாலேயே அளந்து போடும்" என்றான்.

பஞ்சநதம் குனிந்து அரிசியை மொண்டார். பழக்கதோஷம், விரலால் மட்டமாக வழித்தார். முதலில் நின்ற பேச்சாயி முந்தானையை விரித்துப் பிடித்தபடி சொன்னாள்.

"குவிச்சு அளங்க சாமி. மலை ஏறணும்."